வேதமூர்த்தி ஏன் விலகினார்? துணை அமைச்சர் பதவிக்கு என்ன அதிகாரம்?

"மலேசியாவில் ஹிண்ட்ராப் வேதமூர்த்தி 2013-ல் துணை அமைச்சர் ஆனார், அடுத்த ஆண்டே விலகிவிட்டார். அவர் விலை போனாரா, ஏமாந்து போனாரா? துணை அமைச்சர் என்றால் ஏதாவது செய்கிற அதிகாரம் உண்டா, இல்லை வெறும் நாற்காலியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஹிண்ட்ராப் என்பது மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இயக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன்: தெருவில் இறங்கிப் போராடிய ஒருவர் அரசாங்கத்துக்குள் போனால், எதற்காகப் போராடினாரோ அதைச் செய்து முடிக்க முடியுமா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, விலை போனாரா என்பதற்கு வருகிறேன். முதலாவது தெரிந்தால் இரண்டாவதில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் இருபது ஆண்டுக்கு மேல் தமிழ்ப் பத்திரிகைக்காக மக்களவைச் செய்தி சேகரித்தவன். வார இறுதியில் தோட்டப்புறத்து மக்களுக்குக் குடியுரிமை விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் வேலையையும் நண்பர்களோடு சேர்ந்து செய்து வருகிறேன். வேதமூர்த்தியோடு நெருங்கிய பழக்கம் கிடையாது. பிரதமர் அலுவலகத்தின் மூடிய அறைகளில் நடந்த பேச்சுக்கு நான் சாட்சியும் இல்லை. வெளியே தெரிந்த செயல்களையும் தேதிகளையும் வைத்துத்தான் பேசுகிறேன். ஒருவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால், அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

வேதமூர்த்தியும் அவருடைய அண்ணன் உதயகுமாரும் வழக்கறிஞர்கள். 2005 டிசம்பரில் மலேசிய எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி இறந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்று அரசின் இஸ்லாமிய சமயத்துறை சொன்னது. இந்துவான மனைவி மறுத்தும், உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கொதிப்பில் இந்து அமைப்புகள் ஒன்று சேர்ந்ததுதான் ஹிண்ட்ராப். கோயில் உடைப்புகள் அதை வளர்த்தன. 2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார். இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து, சுதந்திரம் கொடுக்கும்போது பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டுப் போனதற்கு 4 லட்சம் கோடி அமெரிக்க டாலர் நஷ்டஈடு கேட்ட வழக்கு. அந்தத் தொகை கிடைக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய ஒரு குடும்பத்துக்கு, 'நமக்கு நடந்தது அநியாயம், அதற்குப் பொறுப்பாளி ஒருவன் இருக்கிறான்' என்று முதல்முறையாக யாரோ சட்ட மொழியில் சொன்னதாக அது பட்டது.

2007 நவம்பர் 25 காலையில் கோலாலம்பூரில் நடந்ததை உலகமே பார்த்தது. பிரிட்டிஷ் தூதரகத்தில் மகஜர் கொடுக்கப் பல்லாயிரம் பேர் கிளம்பினார்கள். முந்தின இரவே பத்துமலையில் கூடியவர்கள் மேல், கோயில் வளாகத்துக்குள்ளேயே, விடிவதற்குள் தண்ணீரையும் கண்ணீர்ப்புகையையும் பாய்ச்சினார்கள். டிசம்பர் 13 அன்று உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவர் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் இசா சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். வேதமூர்த்தி அதற்குள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். 2008 ஏப்ரலில் அவருடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) ரத்தானது. நாலரை ஆண்டுக்கு மேல் லண்டனில்தான் இருந்தார். இடையில், 2008 மார்ச் பொதுத் தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. அந்தக் கூட்டணியில் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். மனோகரன் சிறையில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். இந்தியர்களின் ஓட்டு கைவிட்டுப் போகும் என்று ஆளுங்கட்சி முதன்முதலாகப் பயந்தது அப்போதுதான். பின்னால் அவருக்குப் பதவி வந்ததற்கு இந்தப் பயம்தான் மூலகாரணம் என்பது என் கணிப்பு.

அவர் 2012 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வழியாக நாடு திரும்பினார். 2008-ல் தடை செய்யப்பட்ட ஹிண்ட்ராப் மேலிருந்த தடை 2013 ஜனவரியில் நீங்கியது. மார்ச்சில் அவர் ரவாங்கில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, இரு கூட்டணிகளிடமும் "இதை ஏற்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டார். எதிர்க்கட்சிகளின் கூட்டணியான பக்காத்தான் கையெழுத்துப் போடவில்லை. தேசிய முன்னணி போட்டது. 2013 ஏப்ரல் 18, தேர்தலுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் மறுவாழ்வு, நாடற்றவர்களுக்கு அடையாள ஆவணம், கல்வி வாய்ப்பு, வேலை மற்றும் தொழில் வாய்ப்பு என்று அதில் நான்கு முக்கிய விஷயங்கள் இருந்தன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் இது. நாடாளுமன்றம் ஏப்ரல் 3 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் 18 அன்று எதிரே உட்கார்ந்திருந்தது ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டணி. அந்தத் தாளில் விழுந்தது கட்சியின் கையெழுத்து. கருவூலத்தின் கையெழுத்தோ அமைச்சரவை முடிவோ அதில் இல்லை. குடியுரிமைக் கோப்பு உள்துறை அமைச்சில் இருக்கிறது. கல்லூரி இடங்கள் கல்வி அமைச்சில் இருக்கின்றன. நிலம் மாநில அரசின் அதிகாரம். இந்த மூன்று இடங்களில் ஒன்றில்கூட அந்த ஒப்பந்தத்தைக் காட்டி ஓர் அதிகாரியை வேலை வாங்க முடியாது. சட்டம் படித்த வேதமூர்த்திக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் போனார் என்றால், உள்ளே போய்ப் பிரதமர் நஜிப்பின் வாய்மொழியை அரசாணையாக மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

சரி, துணை அமைச்சர் பதவிக்கு வருவோம். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 43ஏ பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். துணை அமைச்சர் அமைச்சருக்கு உதவ வேண்டும், அந்த உதவிக்காக அமைச்சருக்குள்ள எல்லா அதிகாரமும் அவருக்கு உண்டு என்கிறது. தாளில் அவ்வளவு பெரிது. நடைமுறையில் அவர் அமைச்சரவை உறுப்பினர் இல்லை. வாரந்தோறும் அமைச்சரவை கூடும்போது அவர் அந்த மேசையில் இருக்க மாட்டார். எது மேசைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்பதை அமைச்சரும் அமைச்சின் தலைமைச் செயலாளரும் தீர்மானிக்கிறார்கள். துணை அமைச்சருக்கென்று தனிப் பணமும் இல்லை. அவருக்குக் கிடைக்கும் அதிகாரம் அமைச்சர் பிரித்துக் கொடுக்கிற அளவுதான். நல்ல அமைச்சர் வாய்த்தால் ஒரு முழுப் பிரிவையே ஒப்படைப்பார். இல்லையென்றால் திறப்பு விழாவுக்கும் பரிசளிப்புக்கும் அனுப்புவார்.

மக்களவையில் நான் ஆயிரம் முறை பார்த்த காட்சி ஒன்று உண்டு. கேள்வி நேரத்தில் துணை அமைச்சர் எழுந்து நிற்பார். கையில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த மலாய்ப் பதில் இருக்கும், அதை வரி மாறாமல் வாசிப்பார். எதிர்க்கட்சி உறுப்பினர் துணைக்கேள்வி கேட்பார். துணை அமைச்சர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும். அந்தச் சீட்டு வரும்வரை அவர் "மதிப்புக்குரிய உறுப்பினரின் கேள்விக்கு நன்றி" என்று நேரத்தை ஓட்டுவார். சீட்டு வராவிட்டால் "எழுத்து மூலம் பதில் தருகிறேன்". அந்தப் பதவியின் எல்லை எதுவரை என்பதைப் பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் துண்டுச்சீட்டே சொல்லிவிடும்.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2005-ல் ஓர் உதாரணம் இருக்கிறது. உக்ரைனின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை அரசு நீக்கியது. அங்கே படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்களில் இந்தியர்கள் ஏராளம். ம.இ.கா.வைச் சேர்ந்த சோதிநாதன் அப்போது இயற்கைவள, சுற்றுச்சூழல் துணை அமைச்சர். மக்களவையிலேயே எழுந்து அந்த முடிவைக் குறை சொன்னார். பிரதமர் அப்துல்லா படாவி அவரை மூன்று மாதம் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார். தன் சமூகத்துப் பிள்ளைகளுக்காகப் பேசியதற்குக் கிடைத்த தண்டனை என்று எங்கள் மக்கள் கோபப்பட்டார்கள், நானும் கோபப்பட்டேன். ஆனால் ஆளும் தரப்பின் கணக்கில் அது நியாயம்தான். அரசாங்கத்தில் இருந்துகொண்டு அரசாங்க முடிவை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது கூட்டுப் பொறுப்பின் முதல் விதி. வேதமூர்த்தி 2013 மே மாதம் பிரதமர் துறைத் துணை அமைச்சராகப் பதவி ஏற்றபோது இந்த விதிக்குள் தெரிந்தேதான் நுழைந்தார்.

இன்னொரு முக்கியமான விஷயம், அவர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. மேலவையில் 70 இடம். அதில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். அப்படி நியமனம் பெற்ற செனட்டர் அவர். தொகுதி கிடையாது. அவர் விலகினால் இடைத்தேர்தல் வராது, அரசாங்கத்துக்கு மக்களவையில் ஓர் ஓட்டும் குறையாது. அந்தத் தேர்தலில் தேசிய முன்னணி 222-ல் 133 இடம் பெற்றிருந்தது. ம.இ.கா.வுக்கு அதில் 4 இடம். அந்த நான்கில் பழனிவேலும் சுப்பிரமணியமும் முழு அமைச்சர்கள். இந்தியர் விவகாரம் என்று வந்தால் அமைச்சரவை மேசையில் பேச அவர்கள் இருவர் இருக்கிறார்கள், ஹிண்ட்ராப்பின் ஒரே ஆள் வெளியே நிற்கிறார். ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் அந்தப் பெயர் யாருக்குப் போகும் என்ற கேள்வியும் கூடவே வரும். வேதமூர்த்தியிடம் இருந்த ஒரே ஆயுதம் "விலகிவிடுவேன்" என்பது. அந்த ஆயுதத்தால் பிரதமருக்குப் பெரிய காயம் ஏதும் ஏற்படாத நிலை.

அந்த ஒன்பது மாதங்களில் நடந்ததை அவருடைய ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் முற்றிலும் வேறு வேறாகச் சொல்வார்கள். 2013 மே, ஜூனில் போலீஸ் காவலில் நடந்த மரணங்கள் பெரிய பிரச்சினையாக வெடித்தன. காவலில் சாவதற்கு எதிராகப் பேசியே வளர்ந்த இயக்கத்தின் தலைவர் பிரதமர் துறையில் உட்கார்ந்திருக்கிறார். மக்கள் அவரிடம்தானே பதில் கேட்பார்கள்? அதே ஜூனில் அண்ணன் உதயகுமாருக்கு, 2007-ல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு எழுதிய கடிதத்துக்காக, தேச நிந்தனைச் சட்டத்தில் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பின்னால் மேல்முறையீட்டில் அது குறைந்தது. தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் போட்டதை அண்ணன் ஏற்கவில்லை என்பதும் ஊரறிந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் காஜாங் சிறையில், இன்னொருவர் புத்ராஜெயா அலுவலகத்தில். இந்த நிலையில் ஒரு மனிதர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்தது உண்டு.

2014 பிப்ரவரி 10 அன்று துணை அமைச்சர் பதவியையும் செனட்டர் பதவியையும் சேர்த்தே விடுவதாக அறிவித்தார். வாக்குறுதிகள் நிறைவேற்றப்படவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. விலை போனாரா? இல்லை என்பது என் தீர்ப்பு. பதவிக்காகவே வந்தவர் துணை அமைச்சர் பதவியை விட்டால்கூட, மூன்று ஆண்டுத் தவணை உள்ள செனட்டர் பதவியை வைத்துக்கொண்டிருப்பார். அதைத் தடுக்க யாராலும் முடியாது. அவர் இரண்டையும் ஒரே நாளில் விட்டார். ஏமாந்தாரா? ஒப்பந்தத்தில் இருந்தவை அந்தக் காலத்தில் அவர் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பது உறுதி. ஏன் நடக்கவில்லை என்பதில்தான் சண்டை. பிரதமருக்கு மனம் இல்லையா, அதிகாரிகள் இழுத்தடித்தார்களா, ம.இ.கா. குறுக்கே நின்றதா, அல்லது ஐந்தாண்டுத் திட்டத்தை முதல் ஆண்டிலேயே அளந்து பார்த்தது அவருடைய அவசரமா? நான்குக்கும் ஆட்கள் உண்டு. மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு பழிபோடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் அதற்குத் தாளில் ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டாவது எனக்கு அனுபவத்தில் தெரியும். அவர்மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. உள்ளே போவதற்கு முன் தன் இயக்கத்தையே இரண்டாக உடைத்துவிட்டுத்தான் போனார். வெளியே அழுத்தம் கொடுக்கக் கூட்டம் இல்லாத ஒருவரை உள்ளே யாரும் மதிக்க மாட்டார்கள்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாடற்ற இந்தியர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்று ஹிண்ட்ராப் சொல்லி வந்தது. அரசாங்கம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை அதைவிடப் பலமடங்கு குறைவு. இரண்டு பக்கமும் வேறு வேறு ஆட்களை எண்ணுகிறார்கள் என்பது விண்ணப்பம் நிரப்புகிறவனுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரமே இல்லாதவர் ஒருவகை. பத்திரம் இருந்து, பெற்றோருக்குத் திருமணப் பதிவு இல்லாததால் குடியுரிமை கிடைக்காத பிள்ளை இன்னொரு வகை. நிரந்தரவாசி என்று சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் கிழவர்கள் மூன்றாவது வகை. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டினால் பெரிய எண் வரும், ஒரு வகையை மட்டும் எடுத்தால் சின்ன எண் வரும்.

எங்களிடம் ஒரு பாட்டி வந்தார். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர், பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். சிவப்பு அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதைக் கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருப்பார். குடியுரிமைக்கான மலாய் மொழித் தேர்வுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை கூட்டிப் போனோம். மலாயில் மீன் பேரம் பேசுவார், கங்காணியிடம் சண்டை போட்ட கதை சொல்வார். ஆனால் எதிரே சீருடையைப் பார்த்ததும் வாய் கட்டிவிடும். மூன்று முறையும் கையை விரித்துவிட்டார்கள். குடிமக்களுக்குக் கொடுப்பது நீல அட்டை. 2013-ல் வேதமூர்த்தி பதவி ஏற்ற செய்தி வந்த அன்று, "நம்ம புள்ள உள்ள போயிட்டானா? அப்ப எனக்கு நீலக் கார்டு வந்துரும்" என்றார். வரவில்லை.

அப்புறம் 2018 வந்தது. ஹிண்ட்ராப் இந்த முறை பக்காத்தான் பக்கம் நின்றது, மகாதீர் பிரதமர் ஆனார், ஜூலையில் வேதமூர்த்தி மறுபடியும் செனட்டராகி, தேசிய ஒற்றுமைக்கும் சமூக நலத்துக்கும் பொறுப்பான முழு அமைச்சர் ஆனார். வேறுபாடு உடனே தெரிந்தது. இந்தியர்களின் சமூகப் பொருளாதாரத்துக்கான மித்ரா என்ற அரசுப் பிரிவு அவருடைய பொறுப்பில் வந்தது, அதற்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. அறுபது வயதுக்கு மேற்பட்ட, சிவப்பு அட்டை வைத்திருக்கும் 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று மகாதீர் அறிவித்ததும் அந்த ஜூலையில்தான். அது ஏற்கெனவே கூட்டணியின் தேர்தல் வாக்குறுதி, ஆகவே முழுப் பெருமையையும் இவருக்குக் கொடுக்க மாட்டேன்.

முழு அமைச்சர் ஆனதும் எல்லாம் நேராகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா ஏற்கும் என்று முன்னின்று பேசியதால் மலாய்க் கட்சிகளின் கோபம் முழுக்க அவர்மேல் திரும்பியது. 2018 நவம்பர் 23 அன்று பிரதமர் அலுவலகமே பின்வாங்கியது. மூன்று நாள் கழித்து சீபீல்டு மாரியம்மன் கோயில் கலவரம். அதில் தாக்கப்பட்ட தீயணைப்பு வீரர் முகமது அடிப் டிசம்பரில் இறந்தார். வேதமூர்த்தி பதவி விலக வேண்டும் என்ற குரல் நாடு முழுக்க எழுந்தது. இந்த முறை அவர் விலகவில்லை. 2019 ஜூலையில் சொந்தக் கட்சி ஒன்றையும் தொடங்கினார். 2020 பிப்ரவரி 24 அன்று மகாதீர் ராஜினாமா செய்ததும் அமைச்சரவையே கலைந்து போனது. ஒருமுறை தானாக விலகினார், மறுமுறை அரசாங்கமே இல்லாமல் போனது. இரண்டு முறையும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாற்காலி அவரிடம் இல்லை.

அந்தப் பாட்டி 2019-ல் நீல அட்டை வாங்கினார். வாங்கிய அன்று பழைய கைக்குட்டையிலேயே அதையும் சுற்றிக்கொண்டார். அவருடைய தம்பிக்குச் சிவப்பு அட்டையும் இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. 3,407 பேரில் அவர் சேரமாட்டார். பிரசவம் பார்த்த அம்மா இறந்துவிட்டார், தோட்டமே இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது, பழைய தோட்டப் பள்ளிக்கூடத்தின் பதிவேடு கிடைத்தால் அதை வைத்து மறுபடியும் மனு போடலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.